செத்த வைரஸுக்கு யார் சங்கு ஊதுவது? மீன் தடுப்பூசிகளும் ஏற்பித் தூண்டிகளும்

கொடுவா மீன் குஞ்சு பொரிப்பகத்தில் இந்த நோயைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி தேவையில்லை. நேற்று வரை கூட்டமாக நீந்திய குஞ்சுகளில் சில தனியே பிரிந்து, திருகாணி போலச் சுற்றிச் சுற்றி நீந்தும். சில வயிற்றை மேலே காட்டி மிதக்கும். தொட்டால் விருட்டென்று ஓடி மறுபடி மிதக்கும். தீவனம் போட்டால் வராது. அந்நேரம் மூளையிலும் விழித்திரையிலும் வைரஸ் துளைதுளையாக ஓட்டை போட்டிருக்கும். வைரல் நெர்வஸ் நெக்ரோசிஸ், சுருக்கமாக விஎன்என் என்பது நோயின் பெயர். கிருமி பீட்டாநோடா வைரஸ். சில வார வயதுக் குஞ்சுகளைத் தாக்கினால் தொட்டி முழுதும் காலியாகிவிடலாம். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே வருமுன் காப்பதுதான் வழி.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் (சிபா) இந்த நோய்க்கு நோடாவேக்-ஆர் என்ற தடுப்பூசியை உருவாக்கியிருக்கிறது. மீனுக்குத் தடுப்பூசி என்ற செய்தி வரும்போதெல்லாம் அட்ஜுவன்ட், டிஎல்ஆர் தூண்டி, இம்யூன் பூஸ்டர் என்று பல சொற்கள் சேர்ந்தே வருகின்றன. எல்லாம் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றல்ல. அந்தக் குழப்பத்தால் பணம் போகிறது, சில நேரம் மீனும் போகிறது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தடுப்பூசி இரண்டு செய்தி சொல்ல வேண்டும்

தடுப்பூசி என்றால் கிருமியின் அடையாளத்தை உடலுக்கு முன்கூட்டியே காட்டுவது என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதிதான். உடலுக்குள் தினமும் எத்தனையோ அந்நியப் புரதங்கள் நுழைகின்றன. தின்னும் தீவனமும் அந்நியப் புரதம்தான். எல்லாவற்றையும் எதிர்த்துச் சண்டை போட்டால் உயிர் வாழ முடியாது. ஆகவே நோய் எதிர்ப்பு மண்டலம் இரண்டு விஷயம் தெரிந்தால்தான் முழுதாக எழும்பும்.

1. இது யார்? கிருமியின் அடையாளமான புரதம் இதற்குப் பதில் சொல்கிறது. இதை ஆன்டிஜென் என்கிறோம்.

2. இது ஆபத்தா? இதற்குத் தனியாக ஓர் அபாயச் சைகை வேண்டும்.

இந்த இரண்டாவது செய்தியைத் தருவதற்காகத் தடுப்பூசியில் சேர்க்கும் பொருள்தான் அட்ஜுவன்ட், தமிழில் துணைப்பொருள். 1926-இல் கிளென்னி என்ற ஆய்வாளர் படிகார வகை அலுமினிய உப்பைச் சேர்த்தால் தடுப்பூசி நன்றாக வேலை செய்வதைக் கண்டார். ஆனால் ஏன் வேலை செய்கிறது என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் சரியாகச் சொல்லவில்லை. சார்லஸ் ஜேன்வே 1989-இல் இதை நோய் எதிர்ப்பியலாளர்களின் அசிங்கமான சின்ன ரகசியம் என்றே வெளிப்படையாகச் சொன்னார். கிருமிகளுக்கே உரிய பொதுவான வடிவங்களை அறியும் ஏற்பிகள் செல்களில் இருக்க வேண்டும் என்பது அவர் ஊகம்.

அந்த ஏற்பிகள் பழ ஈயின் வழியாகக் கிடைத்தன. ஈயின் கரு வளர்ச்சிக்குத் தேவையான டோல் என்ற மரபணுதான் ஈயைப் பூஞ்சையிலிருந்தும் காக்கிறது என்று ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு 1996-இல் காட்டியது. பாலூட்டிகளில் அதே சாயலில் இருக்கும் ஏற்பிகளில் ஒன்று பாக்டீரியா நச்சை அறிகிறது என்று புரூஸ் பாய்ட்லர் குழு 1998-இல் காட்டியது. இருவருக்கும் 2011-இல் நோபல் பரிசு. டோல் வகை ஏற்பிகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே டிஎல்ஆர்.

இது ஏதோ ஆய்வகச் சங்கதி என்று தோன்றலாம். கோவேக்சின் போட்டுக்கொண்ட ஒவ்வொருவர் கையிலும் டிஎல்ஆர் 7, 8 ஆகியவற்றைத் தூண்டும் மூலக்கூறு ஒன்று அலுமினிய உப்பில் ஒட்டி உள்ளே போயிருக்கிறது. 2022 மார்ச்சிலிருந்து 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் போட்ட கோர்பேவாக்ஸில் டிஎல்ஆர் 9-ஐத் தூண்டும் சிபிஜி என்ற செயற்கை டிஎன்ஏத் துண்டு இருந்தது. மனிதருக்குச் செய்த அதே யோசனையை மீனுக்குக் கொண்டுபோவதுதான் நம் பேசுபொருள்.

எந்த ஏற்பி எதைக் கண்டு எழும்

வைரஸ் விஷயத்தில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. டிஎல்ஆர் 3: இரட்டை இழை ஆர்என்ஏவைக் கண்டால் எழும். நம் செல்லிலோ மீனின் செல்லிலோ நீளமான இரட்டை இழை ஆர்என்ஏ சாதாரணமாக இருப்பதில்லை. பல வைரஸ்கள் பெருகும்போதுதான் அது உருவாகும். ஆகவே அதைக் கண்டால் 'உள்ளே ஆள் நுழைந்துவிட்டான்' என்று அர்த்தம். பாலி ஐசி என்பது இதைப் போலவே செயற்கையாகச் செய்த இரட்டை இழை ஆர்என்ஏ.

2. டிஎல்ஆர் 7, 8: ஒற்றை இழை ஆர்என்ஏவை அறிபவை.

3. டிஎல்ஆர் 9: பாக்டீரியா, வைரஸ் டிஎன்ஏவில் அதிகம் காணப்படும் சிபிஜி என்ற எழுத்துக் கோவையை அறிவது. முதுகெலும்பிகளின் டிஎன்ஏவில் இந்தக் கோவை குறைவு. இருக்கும் இடத்திலும் பெரும்பாலும் வேதிமூடி போட்டிருக்கும்.

ஏற்பி எழுந்தால் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளிவிடும். 1957-இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்த பொருள் அது. அக்கம்பக்கத்துச் செல்கள் அதை உணர்ந்து எம்எக்ஸ் போன்ற வைரஸ் தடுப்புப் புரதங்களைச் செய்யத் தொடங்கும். தெருவில் ஒரு வீட்டில் திருடன் என்று சத்தம் கேட்டால் மற்ற வீடுகள் தாழ்ப்பாள் போடுவதைப் போல. அப்புறம்தான் டி செல்களும் ஆன்டிபாடி செய்யும் பி செல்களும் களத்துக்கு வரும். அவை வர நாட்கள் ஆகும், ஆனால் நினைவு வைத்திருக்கும்.

செத்த வைரஸ் ஏன் சத்தம் எழுப்புவதில்லை

என் பார்வையில் இந்த விவகாரத்தின் மையம் இதுதான்.

மீன்களுக்கான வைரஸ் தடுப்பூசிகளில் பல, செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ் அல்லது வைரஸின் ஒரு புரதம் மட்டும் கொண்டவை. பாதுகாப்பானவை, ஆற்றிலோ கடலிலோ தப்பிப்போய் நோய் பரப்பும் என்ற பயம் இல்லை. ஆனால் செத்த வைரஸ் செல்லுக்குள் பெருகாது. பெருகாவிட்டால் இரட்டை இழை ஆர்என்ஏ உருவாகாது. உருவாகாவிட்டால் டிஎல்ஆர் 3 எழாது. பீட்டாநோடா வைரஸின் மரபுப் பொருளே ஒற்றை இழை ஆர்என்ஏதான். பெருகும்போது மட்டுமே இரட்டை இழை வரும். வெறும் மேலுறைப் புரதத்தைக் கொடுத்தால் அந்த ஒற்றை இழையும் இல்லை. அதாவது முதல் செய்தி போய்ச் சேர்கிறது, இரண்டாவது செய்தி போகவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வைரஸ் செல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் கிருமி. ஆன்டிபாடி வெளியே சுற்றும் வைரஸைப் பிடிக்கும். உள்ளே ஒளிந்ததைப் பிடிக்க, தொற்றிய செல்லையே கொல்லும் டி செல்கள் வேண்டும். அபாயச் சைகை இல்லாத வெறும் புரதம் அந்த டி செல்களை நன்றாக எழுப்பாது. பாக்டீரியாவுக்கு எதிரான மீன் தடுப்பூசிகள் ஜெயித்த அளவுக்கு வைரஸ் தடுப்பூசிகள் ஜெயிக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நார்வே: எண்ணெய் தந்த வெற்றி, எண்ணெய் வைத்த வடு

மீன் தடுப்பூசி என்றால் நார்வேயைச் சொல்லாமல் முடியாது. 1987-இல் அந்நாட்டு சால்மன் பண்ணைகள் சுமார் 50 டன் ஆன்டிபயாட்டிக்கைப் பயன்படுத்தின. 1990-களின் தொடக்கத்தில் எண்ணெய்க் குழம்பில் கலந்த பாக்டீரியத் தடுப்பூசிகள் வந்தன. இன்று சால்மன் உற்பத்தி பத்து லட்சம் டன்னைத் தாண்டிப் போயும், அண்மை ஆண்டுகளில் ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் ஒரு டன்னுக்கும் கீழே நிற்கிறது. கால்நடை மருத்துவத்தில் இதற்கு நிகரான சாதனைகள் மிகக் குறைவு.

அந்த ஊசி எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்தால்தான் விலை புரியும். குஞ்சுகளை மயக்க மருந்து கலந்த நீரில் விட்டு, அசைவற்றுப்போனதும் எடுத்து, வயிற்றுத் துடுப்புக்குச் சற்று முன்னால் அடிவயிற்றில் ஊசியைக் குத்தி, 0.05 அல்லது 0.1 மில்லி மருந்தைச் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியாக. பெரிய பண்ணைகளில் இயந்திரம் செய்கிறது. எண்ணெய் வயிற்றுக்குள்ளேயே தங்கி, ஆன்டிஜெனை மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அதுதான் அதன் பலம். ஆனால் அறுவடையில் அந்த மீனின் வயிற்றைக் கிழித்தால், குடலும் ஈரலும் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் கரும்புள்ளிகள் படிந்திருப்பதும் தெரியும். இதைச் சுழியத்திலிருந்து ஆறு வரை அளவிட ஸ்பைல்பர்க் அளவுகோல் என்றே ஒன்று இருக்கிறது. ஒட்டல் அதிகமானால் வளர்ச்சி குறையும்.

ஆக எண்ணெய் ஆன்டிஜெனைத் தேக்கிவைக்கும் கிடங்கு, வீக்கத்தையும் உண்டாக்கும். ஆனால் 'இது வைரஸ்' என்று குறிப்பாகச் சொல்லும் திறன் அதற்கு இல்லை.

சால்மனிலும் களவாவிலும் செய்து பார்த்தது

நார்வே சால்மனைப் படுத்தும் நோய்களில் ஒன்று கணைய நோய். 1976-இல் ஸ்காட்லாந்தில் முதலில் கவனிக்கப்பட்டது. கிருமி சால்மனிட் ஆல்ஃபா வைரஸ். கணையம், இதயம், தசை மூன்றும் கெடும். மீன் இரை எடுப்பதை நிறுத்தும். செத்த வைரஸ் கொண்ட தடுப்பூசி சந்தையில் இருந்தும் நோய் அடங்கவில்லை. டிரோம்சோ பல்கலைக்கழகக் குழு ஒன்று செத்த வைரஸோடு சிபிஜி, பாலி ஐசி இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. 2012-லும் 2014-லும் முடிவுகள் வெளிவந்தன. வைரஸை முடக்கும் ஆன்டிபாடி இந்தச் சேர்க்கையால் கூடியது. இரண்டையும் சேர்த்ததில் காரணம் உண்டு: ஒன்று டிஎன்ஏ வழியில் எழுப்புகிறது, மற்றது ஆர்என்ஏ வழியில். இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தால் வீடு வேகமாக விழிக்கும்.

ஜப்பானில் நிஷிசாவா குழு வேறு பாதையில் போனது. களவா இன மீனுக்கு முதலில் பாலி ஐசியை மட்டும் செலுத்தினார்கள். இன்டர்ஃபெரான் ஏறியபின் உயிருள்ள பீட்டாநோடா வைரஸையே கொடுத்தார்கள். தாழ்ப்பாள் போட்ட வீட்டில் வைரஸால் பெருக முடியவில்லை. மீன்கள் பெரும்பாலும் பிழைத்தன. பிழைத்ததோடு, பின்னர் அதே வைரஸ் வந்தபோது அதை அடையாளம் கண்டு எதிர்த்தன. 2009-இல் வெளியான இந்த வேலை எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் இரண்டு செய்திகளையும் பிரித்து, நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தும் பாடம் நடக்கும் என்று அது காட்டியது. ஆனாலும் உயிருள்ள வைரஸைக் கையில் எடுத்துக்கொண்டு பண்ணைக்குள் நுழைவதை எந்த அரசும் எளிதில் அனுமதிக்காது.

மூன்றாவது பாதை டிஎன்ஏ தடுப்பூசி. கனடாவில் 2005-இல் சால்மனுக்கு ஒன்று அனுமதி பெற்றது. ஐரோப்பாவில் கணைய நோய்க்கு ஒன்று 2017-இல். வைரஸ் புரதத்துக்கான குறிப்பு எழுதிய டிஎன்ஏ வளையத்தைத் தசையில் செலுத்துவார்கள். மீனின் செல்லே புரதத்தைச் செய்யும். இந்த வளையங்கள் பாக்டீரியாவில் வளர்க்கப்படுவதால் சிபிஜி கோவைகள் மூடியில்லாமல் அப்படியே இருக்கும். அதாவது துணைப்பொருள் தடுப்பூசிக்குள்ளேயே தைக்கப்பட்டிருக்கிறது. ட்ரௌட் மீனில் ராப்டோ வைரஸுக்கு எதிரான டிஎன்ஏ தடுப்பூசி போட்ட சில நாட்களிலேயே ஒரு பாதுகாப்பு வந்துவிடுகிறது, அதுவும் வேறு ராப்டோ வைரஸையும் சேர்த்துத் தடுக்கும் பொதுவான பாதுகாப்பு. வாரங்கள் கழித்து அது மங்கி, குறிப்பிட்ட வைரஸை மட்டும் தடுக்கும் நீண்ட பாதுகாப்பு அந்த இடத்தைப் பிடிக்கிறது. முதலில் வருவது இன்டர்ஃபெரான், பின்னால் வருவது நினைவு.

மனிதனின் வரைபடம் மீனுக்குச் செல்லாது

மனிதனில் வெற்றி பெற்ற துணைப்பொருளை எடுத்து அப்படியே மீனுக்குப் போட்டால் என்ன? பல நேரம் ஏமாற்றம்தான்.

மனிதனிடம் பத்து டிஎல்ஆர்கள். மீன்களில், இனங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால், இருபது வகை வரை கண்டிருக்கிறார்கள். பாக்டீரிய நச்சை அறியும் டிஎல்ஆர் 4 சில மீன்களில் அறவே இல்லை. வரிக்குதிரை மீனில் இருந்தும் அந்த நச்சை அது நம்முடையதைப் போலக் கண்டுகொள்வதில்லை. டிஎல்ஆர் 4-ஐத் தூண்டும் பொருளை வைத்து அக்கித் தடுப்பூசி ஒன்று மனிதருக்கு அருமையாக வேலை செய்கிறது. மீனிடம் அதே வழியை எதிர்பார்க்க முடியாது.

மாறாக, நம்மிடம் இல்லாத டிஎல்ஆர் 22 மீன்களிடம் இருக்கிறது. பேத்தை இன மீனில் 2008-இல் செய்த ஆய்வில் ஓர் அழகான வேலைப் பிரிவினை தெரிந்தது: டிஎல்ஆர் 3 செல்லுக்குள் இருந்து குட்டையான இரட்டை இழை ஆர்என்ஏவைப் பார்க்கிறது, டிஎல்ஆர் 22 செல்லின் மேற்பரப்பில் நின்று நீளமானதைப் பார்க்கிறது. தண்ணீரிலேயே வாழும் உயிருக்கு வாசலில் ஒரு காவல், வீட்டுக்குள் ஒரு காவல். ஆகவே பாலி ஐசியின் இழை நீளம்கூட மீனில் முக்கியமாகிவிடுகிறது. சிபிஜியிலும் அப்படியே. எலிக்குப் பிடிக்கும் எழுத்து வரிசை மனிதனுக்குப் பிடிப்பதில்லை. மீனில் டிஎல்ஆர் 9-உடன் டிஎல்ஆர் 21-உம் சிபிஜியை அறிகிறது. ஆக வரிசையை இனம் இனமாகச் சோதித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெப்பநிலை இன்னொன்று. மீனின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான். குளிர்ந்த நீரில் நோய் எதிர்ப்பு மெதுவாகத்தான் உருவாகும். அதனால் சால்மன் பண்ணைகளில் 'டிகிரி நாள்' என்று கணக்கிடுவார்கள்: நீரின் வெப்பநிலையை நாட்களால் பெருக்குவது. கடலில் விடுமுன் சுமார் 500 டிகிரி நாள் வேண்டும் என்பது வழக்கம். 12 டிகிரி நீரில் அது 42 நாள். இதே கணக்கை 28 டிகிரி நீரில் வளரும் கொடுவாவுக்குப் போட்டால் 18 நாள் என்று வரும், ஆனால் அந்த 500 என்ற எண் குளிர்நீர் சால்மனுக்கு வந்த எண் என்பதை மறக்கக் கூடாது.

பண்ணைக்கு வரும்போது எழும் கேள்விகள்

1. நேரம். பாலி ஐசி எழுப்பும் இன்டர்ஃபெரான் சில நாட்களில் ஏறி, பின் இறங்கிவிடும். செத்த வைரஸோடு கொடுத்தால் நல்லது. வலுக்குறைத்த உயிருள்ள வைரஸோடு தவறான நேரத்தில் கொடுத்தால், பாடம் நடத்த வேண்டிய வைரஸையே அது வாசலில் அடக்கிவிடும்.

2. இடம். ஆன்டிஜெனும் தூண்டியும் ஒரே செல்லுக்குள் சேர்ந்து போனால்தான் 'ஆபத்தானவன் இவன்தான்' என்று செல் முடிவுக்கு வரும். தனித்தனியே அலைந்தால் சத்தம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அதனால்தான் இரண்டையும் ஒரே நுண்துகளில் அடைக்கும் வேலை பல ஆய்வகங்களில் நடக்கிறது. பாலி ஐசி ஆர்என்ஏ என்பதால் உடல் திரவங்களில் சிதையும். துகள் அதற்குக் கவசமும் ஆகிறது.

3. அளவு. கூடுதலாகத் தூண்டினால் கூடுதல் பாதுகாப்பு என்பது தப்புக் கணக்கு. எதிர்ப்பை எழுப்ப மீன் தன் சக்தியைச் செலவழிக்கிறது. அது வளர்ச்சிக்குப் போக வேண்டிய சக்தி.

4. உண்பவருக்கு ஆபத்தா என்று கேட்பவர்கள் உண்டு. சிபிஜியும் பாலி ஐசியும் டிஎன்ஏ, ஆர்என்ஏ வகை. உடலின் நொதிகளால் சிதைக்கப்படுபவை. ஊசி போடுவது குஞ்சுப் பருவத்தில். மீன் தட்டுக்கு வருவது பல மாதம் கழித்து.

5. குஞ்சின் வயது. விஎன்என் அதிகம் கொல்வது ஊசியே போட முடியாத அளவு சிறிய குஞ்சுகளை. சில மில்லிமீட்டர் உடலில் எந்த ஊசி இறங்கும்? எதிர்ப்பு மண்டலமும் அப்போது முதிர்ந்திருக்காது. ஆகவே இரண்டு முனையில் வேலை நடக்கிறது: தாய்மீன்களுக்கு ஊசி போட்டு முட்டை வழியாக வைரஸ் இறங்குவதையும் குறைத்து, கொஞ்சம் ஆன்டிபாடியையும் குஞ்சுக்குக் கடத்துவது ஒன்று, குஞ்சு சற்று வளர்ந்ததும் நீரில் முக்கியோ தீவனத்தில் கலந்தோ கொடுப்பது மற்றது. தீவன வழி கேட்க எளிது, ஆனால் வயிற்று அமிலமும் நொதியும் ஆன்டிஜெனைத் தின்றுவிடும். தூண்டி இங்கே மிகத் தேவைப்படுகிறது, ஏனென்றால் குடல் இயல்பாகவே உள்ளே வருவதைப் பொறுத்துக்கொள்ளப் பழகிய உறுப்பு.

'இம்யூன் பூஸ்டர்' டப்பாவும் இறால் குளமும்

கடையில் தீவனத்தில் கலக்க விற்கும் பீட்டா குளூக்கான் போன்றவை மேலே சொன்ன முதல் செய்தியைச் சுமப்பதில்லை. அவை பொதுவாக ஒரு விழிப்பைத் தரும், அதற்குப் பயனும் உண்டு. ஆனால் எந்த வைரஸையும் நினைவில் வைக்கச் சொல்லித்தராது. அதைத் தடுப்பூசி என்று யாராவது விற்றால் ஆன்டிஜென் எது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது தடுப்பூசி இல்லை.

இறால் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இறாலிடமும் டோல் ஏற்பிகள் உண்டு. அவையும் கிருமியைக் கண்டு எழும். ஆனால் இறாலுக்கு ஆன்டிபாடி கிடையாது, மீனுக்கு இருப்பது போன்ற டி செல்லும் பி செல்லும் கிடையாது. கொடுவாவுக்கு இரண்டாவது செய்தி எதற்காகத் தேவைப்படுகிறதோ, அந்த நினைவுப் படையே இறாலிடம் இல்லை. வெள்ளைப்புள்ளி நோய் பயத்தில் இருக்கும் ஒரு குளத்துக்கு, நோயற்ற குஞ்சும் நீர் வரும் வழியில் போட்ட வடிகட்டியும் செய்வதை இந்தத் தூண்டிகள் செய்துவிடாது.